கருவாட்டுக் குழம்பும் நான் ஆட்டிய தலையும்

பாப்பா,

ஆபீஸ் மெயில் படிக்கிற வேகத்தில் இதை நீ படிக்கக் கூடாது என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால் மெட்ரோவில் நின்றுகொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, "ஓகேப்பா, நோட்டட்" என்று பதில் போட்டுவிடுவாய். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததோடு உன் தமிழ் வாசிப்பு நின்றுபோனது. எழுத்துக் கூட்டி, வரிக்கு வரி விரல் வைத்துத்தான் போவாய். அப்படியே போ. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். புரியாத சொல் வந்தால் அம்மாவுக்குப் போன் போடு, எனக்குப் போடாதே. எனக்குப் போட்டால் செவ்வாய்க்கிழமை மாதிரி சண்டையில்தான் முடியும்.

செவ்வாய்க்கிழமை நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, ப்ளீஸ்ப்பா, இந்த சண்டே மட்டும் வேண்டாம். ஷாதி முடிஞ்சதும் நீங்க என்ன வேணா பண்ணுங்க. ஒரு மாசம்தானேப்பா." நான் முடியாது என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நம் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில் நான் நடத்தும் சமையல் வகுப்பில், சீலாக் கருவாட்டுக் குழம்பு வைக்கப்போகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ரோஹித்தின் அம்மாவும் இருக்கிறார். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். முட்டைகூட நுழையாத வீட்டுக்கு நீ மருமகளாகப் போகிறாய். நம் வீடும் அப்படித்தான் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழம்பு கொதிக்கத்தான் போகிறது. ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. பால்கனியில் நின்று, மாடி வீட்டு சர்மா குடும்பம் சத்சங்கத்துக்குக் கிளம்பிப் போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "போயிட்டாங்கப்பா!" என்று நீ கத்துவாய். அடுத்த நொடி வீடே ஓடும். நீ ஹால் ஜன்னல்களைச் சாத்துவாய், நான் வாசல் கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைப்பேன், அம்மா சாம்பிராணியைப் பற்ற வைப்பாள். அப்புறம்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுப்போம். நாலு பாலித்தீன் பை சுற்றி, அதன் மேல் செய்தித்தாள் சுற்றி, ஏதோ திருட்டு நகை மாதிரி ஒளித்து வைத்திருப்போம். ஜூன் மாதத்து வெயிலில், ஜன்னலெல்லாம் சாத்தி, வேர்வை வழிய வழிய உட்கார்ந்து சாப்பிட்டோமே, அதில் என்ன ருசி கண்டோமோ! எனக்கு எதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது தெரியுமா? நான் உத்தியோகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். இந்த டெல்லியில் எத்தனையோ அரசாங்கக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வரைந்தவன். காற்று எந்தப் பக்கம் வரும், புகை எந்தப் பக்கம் போகும் என்று அளந்து அளந்து ஜன்னல் போட்டவன். என் வீட்டு ஜன்னலை மட்டும் பெற்ற பிள்ளையை விட்டு மூடவைத்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், அவர்களுக்கு எல்லாம் தெரியும். நாம் அந்த வீட்டைக் காலி செய்த அன்று மிஸஸ் சர்மா டீ கொண்டுவந்தார். "பாய் சாப், ஞாயிற்றுக்கிழமை சத்சங்கம் முடிந்து படியேறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். என் மாமியார் மட்டும் மேலே போனதும் இன்னொரு தடவை குளிப்பார். மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வது ஒன்றுதான். இந்த வெயிலில் எதற்கு இவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள்?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு, லாரிக்காரன் காத்திருக்கிறான் என்று நழுவிவிட்டேன். உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. பதினாறு வருஷம் ஒளித்தது யாரிடமும் ஒளியவில்லை என்று பெற்ற மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு உன்னைப் புதுப் பள்ளியில் சேர்த்த வருஷம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட், உனக்கு டிபன் கட்டுவது எப்போதும் போல நான்தான். முந்தின நாள் வறுத்த நெத்திலிக் கருவாடு கொஞ்சம் இருந்தது. உனக்குப் பிடிக்குமே என்று தயிர் சாதத்தின் ஓரத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் பள்ளியிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ வகுப்புக்கு வெளியே வராண்டாவில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. உள்ளே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு அப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இது எங்கள் சாப்பாடு. என் மகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் உன் டீச்சரிடம் சொன்னது, "சாரி மேடம், பக்கத்து வீட்டில் கொடுத்தது, தெரியாமல் வைத்துவிட்டோம். நாங்கள் இதெல்லாம் சாப்பிடுவதில்லை." நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் உன்னிடமும் சொன்னேன். "இனிமே யாராச்சும் கேட்டா நாங்க வெஜ்ஜுன்னு சொல்லிரு பாப்பா." நீ கேட்டாய், "அது பொய் இல்லியாப்பா?" நான், "பொய்யில்லட்டி, சும்மா ஒரு பேச்சுக்கு. ஜல்தி வா, பஸ் வருது" என்றேன். அன்று சாயங்காலமே சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கித் தந்தேன். நீ அதைப் பிறந்தநாள் பரிசு என்று நினைத்தாய். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது பாப்பா. அது நான் உனக்குக் கொடுத்த லஞ்சம்.

ரிட்டயர் ஆன பிறகு இந்த வகுப்பை எப்படி ஆரம்பித்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடியதால் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவன் நான். கீழ்வீட்டு அம்மாள் சாம்பார் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். ஒருவர் நாலானார், நாலு பேர் இருபதானார்கள். பிறகு நான் மட்டும் எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இந்தக் குடியிருப்பில் யார்தான் டெல்லிக்காரர், எல்லாருமே எங்கிருந்தோ மூட்டை கட்டி வந்தவர்கள்தானே என்று தோன்றியது. பீகார்க்கார வாட்ச்மேன் சத்துமாவு அடைத்த லிட்டி உருண்டை சுட்டுக் காட்டினார். காபூலிலிருந்து வந்து லாஜ்பத் நகரில் இருக்கும் ஒரு அம்மாள், வெங்காயத் தாள் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு, அதைத் தன் பிள்ளைகள் எப்படிச் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள் என்று நடித்தே காட்டினார். வகுப்புக்கு 'கர் கா கானா', வீட்டுச் சாப்பாடு, என்றே பெயர் வைத்தேன். ஒரே ஒரு விதி போட்டேன். கல்யாண விருந்து வேண்டாம், பண்டிகைப் பலகாரம் வேண்டாம். சாதாரண நாளில், வெளியாள் யாரும் இல்லாதபோது, உங்கள் வீட்டில் எது வேகுமோ அதைத்தான் இங்கே செய்ய வேண்டும். இந்த விதியை எழுதி லேமினேட் செய்து சுவரில் மாட்டியதும் நானே. என் முறை வந்தபோதெல்லாம் இட்லி, சாம்பார், அவியல், பிசிபேளாபாத். நம் வீட்டில் எந்தக் காலத்தில் பிசிபேளாபாத் வெந்தது? யூடியூப் பார்த்துச் செய்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்படி ஊரை ஏமாற்றிப் பழகிய தலைதான் ஜனவரியில் ரோஹித் வீட்டிலும் ஆடியது. அவன் அம்மா சிரித்த முகமாகக் கேட்டார். "நீங்கள் சவுத் இண்டியன், ப்யூர் வெஜ்தானே?" அவர் மிரட்டிக் கேட்கவில்லை. சும்மா பேச்சுவாக்கில் கேட்டார். இல்லை என்று சொல்ல இரண்டு நொடி போதும். நான் தலையாட்டினேன். நீ தட்டில் இருந்த பர்ஃபியையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா என் முழங்காலைச் சேலை மறைவில் கிள்ளினாள், இன்னும் வலிக்கிறது. ரோஹித்துக்காவது நீ சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுசாகச் சொல்கிறேன். அம்மாவின் வார்டில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண் தொய்பி, அவள் முறைக்கு ஒரு டப்பா கொண்டுவந்தாள். அவர்கள் ஊரில் மீனை மாதக்கணக்கில் பானையில் அடைத்துப் புளிக்க வைப்பார்களாம். அதை வாட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கும் மிளகாயும் சேர்த்து மசிப்பது அவர்கள் வீட்டு அன்றாடச் சாப்பாடு. என் விதிப்படி அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. டப்பாவைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி படியேறி வந்துவிட்டார். "யே க்யா பத்பூ ஹை?" என்று வாசலில் நின்று கேட்டார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை, பாப்பா. நாற்றம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மற்றதை எல்லாம் செய்தது உன் அப்பன். நானே எழுந்து போய் அந்த டப்பாவை மூடினேன். "பேட்டா, ஆஜ் ரெஹ்னே தோ, இன்னிக்கு இது வேண்டாம். உருளைக்கிழங்கு சப்ஜி ஏதாவது பண்ணிடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "டீக் ஹை அங்கிள்" என்று ஒத்துக்கொண்டாள். டப்பாவை இரண்டு பையில் சுற்றினாள். அந்தச் சுற்றலை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். பிறகு சீரகம் போட்டு உருளைக்கிழங்கு வதக்கிவிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் வைத்த கருவாட்டுக் குழம்பை எடுத்து மேஜையில் டொக்கென்று வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள். நான் தட்டை எடுக்கவில்லை. "எந்த வாயால சாப்பிடுவீங்கன்னு பாக்கணும். சாப்பிடுங்க." அப்புறம்தான் அவள் சொன்னாள், எனக்குத் தெரியாத ஒன்றை. புதன்கிழமைதோறும் அவளும் தொய்பியும் டியூட்டி ரூமில் உட்கார்ந்து டிபனை மாற்றிக்கொள்வார்களாம். நான் கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பை அந்தப் பெண் சோற்றில் பிசைந்து, டப்பாவை வழித்து, "ஆன்ட்டி, அங்கிளிடம் சொல்லுங்கள், என் அம்மா கைப்பக்குவம்" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருபது பேர் நடுவில், 'உங்கள் வீட்டிலும் இதுதானே அங்கிள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். அவள் கேட்கவில்லை. நான் அவளை அவமானப்படுத்தினேன், அவள் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனாள். இருபத்தெட்டு வயசுப் பெண், உன் வயசு. அந்தக் குழம்பைத் தொடாமலே திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "திரும்ப வாம்மா, அதே டப்பாவைக் கொண்டு வா, யார் வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவள் கெட்டிக்காரி. சிரித்துக்கொண்டே, "பெஹ்லே ஆப், அங்கிள்" என்றாள். "உங்கள் குழம்பு முதலில் கொதிக்கட்டும். அது கொதித்த பிறகு என் டப்பாவைத் திறக்கிறேன்." நியாயம்தானே? அடுத்தவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று தைரியம் பேசுகிறவனை யார் நம்புவார்கள்? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் நானும் உன்னைப் போலத்தான் கணக்குப் போட்டேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று.

அந்த நினைப்பை மாற்றியது தொய்பி இல்லை, நீதான். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாய். அம்மா நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டு வைத்திருந்தாள். ஆசை ஆசையாக, உட்காரக்கூடப் பொறுமை இல்லாமல், அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாய். எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? சாயங்காலம் ரோஹித்தைப் பார்க்கப் போக வேண்டும் என்றாய். சோப்புப் போட்டுக் கை கழுவினாய். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி விரல் விரலாகத் தேய்த்தாய். மறுபடி சோப்பு. உடுப்பை மாற்றினாய், தலைக்கு ஏதோ அடித்துக்கொண்டாய். செருப்பை மாட்டும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாய். முகம் சுருங்கியது. திரும்ப உள்ளே வந்து இன்னொரு தடவை கை கழுவிவிட்டுப் போனாய். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமாகப் பழகுகிற பையனிடம் நீ இதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குக் கல்யாணம் ஆகி, அம்மா வீட்டுக்கு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் என் மகள் படியிறங்கும்போது விரலை மோந்து பார்த்துக்கொண்டுதான் போகப்போகிறாளா? நாற்பது வயசிலும்? அறுபது வயசிலும்? பஸ் ஸ்டாப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை இத்தனை வருஷம் நீ ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாய். நல்ல மாணவி நீ. வாத்தியார்தான் மடையன்.

அதனால்தான் ஒரு மாதம் தள்ளிப்போட மாட்டேன் என்கிறேன். தள்ளிப்போடுவதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். உன் பரீட்சை முடியட்டும், என் புரமோஷன் வரட்டும், குவார்ட்டர்ஸ் மாறட்டும், ரிட்டயர் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். கல்யாணம் முடிந்ததும், முதல் தீபாவளி போகட்டும் என்போம். பிறகு குழந்தை பிறக்கட்டும் என்போம். கடைசியில் அந்தக் குழந்தையிடமும், தாத்தா வீட்டில் சாப்பிட்டதை அங்கே போய்ச் சொல்லாதே என்று நீ சொல்வாய். அதைத் தடுக்க அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். இப்போதே இதை நிறுத்துகிறேன்.

செக்ரட்டரியிடம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, சண்டைக்குப் பயப்படுகிறவர். "பின்னால் ஷெட்டில் வைத்துச் செய்யுங்களேன், பிரச்சினையே இல்லை" என்றார். "ஜனாப், லிட்டி உள்ளே, எங்கள் குழம்பு மட்டும் ஷெட்டிலா? எந்தெந்த வாசனை உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுங்கள். நான் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன்" என்றேன். அவர் எழுதவில்லை. "ஹாலில் காற்றே வராது, நாலு ஜன்னலும் திறந்து பல வருஷம் ஆகிறது" என்றார். போய்ப் பார்த்தேன். யாரோ ஜன்னலைச் சாத்தி, அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டிருக்கிறார்கள். கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. புதன்கிழமை ஒரு பட்டைக் கத்தியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த வயசில் ஏணியில் ஏறாதீர்கள் என்று உன் அம்மா திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்தாள். பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி மூன்று ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

வியாழக்கிழமை ரோஹித் வீட்டுக்குப் போனேன். திகைக்காதே, முழுசாகப் படி. நோட்டீசை இன்னும் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை; அதைப் பார்த்து அந்த அம்மாள் தெரிந்துகொள்வது முறையில்லை. பத்துப் பேர் நடுவில் அவருக்கு இப்படி ஒரு அதிர்ச்சியைக் கொடுத்தால், அது தொய்பிக்கு நான் செய்ததைவிடக் கேவலம். அவர் மட்டும்தான் வீட்டில் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. "பெஹன்ஜி, ஜனவரியில் நான் தலையாட்டினேனே, அது பொய். நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். கருவாடும் சாப்பிடுவோம். என் மகளும் சாப்பிடுவாள், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன். அவர் நான் குடிக்காத தண்ணீரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சாப்பிடுவது உங்கள் இஷ்டம் பாய் சாப். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? நான் என் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்" என்றார். "தப்புதான்" என்றேன். "நீங்கள் தலையாட்டும்போது பெண்ணும் பக்கத்தில்தானே இருந்தாள்?" என்று கேட்டார். "அப்பன் தலையாட்டிய பிறகு மகள் என்ன செய்வாள்? பழி என்னுடையது" என்றேன்.

"ரோஹித்துக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "நான் அவனிடம் சொல்ல மாட்டேன். அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன்" என்றார். வகுப்புக்கு வருவீர்களா என்று கேட்டேன். "யோசிக்க வேண்டும்" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். சிரிக்கவில்லை. நல்ல மனுஷி, பாப்பா. கோபத்திலும் முறை தவறாத மாமியார் கிடைப்பது லேசு இல்லை. அவரிடம் பொய்யோடு போய்ச் சேராதே.

உன் அம்மா நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "கல்யாணம் நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ரோஹித்தை எனக்குப் பிடிக்கும். உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்கும்போது மனசு நிறையும். நின்றுபோனால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய், அதுவும் தெரியும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, தாங்கிக்கொள்வேன். அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அவள் புளியைக் கரைத்தபடியே, "நிக்காது. அப்படியே நின்னாலும், இதுக்கு நிக்கிற கல்யாணம் நின்னுட்டுப் போகட்டும்" என்றாள். ஜனவரியில் என்னைக் கிள்ளியவள் சும்மா கிள்ளவில்லை.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. அந்த வீட்டில் போய்க் கருவாடு சமை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு அவர்களுடையது, அவர்கள் முறையை மதி. நாளைக்கே உனக்கே மீன் வேண்டாம் என்று தோன்றி விட்டுவிட்டாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விட்டுக்கொடுப்பது வேறு, ஒளித்துவைப்பது வேறு. விட்டுக்கொடுத்ததற்கு எதிரில் இருப்பவன் உன்னிடம் அன்பாக இருப்பான். ஒளித்துவைத்தால் அவனுக்கு அன்பாக இருக்க வழியே இல்லை, அவனுக்குத்தான் தெரியாதே! நானும் உன் அம்மாவும் கல்யாணமான புதிதில் சண்டை போட்டதெல்லாம் ஒளித்துவைத்த விஷயங்களுக்காகத்தான். நேரே சொன்ன எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் புகைந்ததில்லை. ரோஹித்திடம் நீயே சொல். எனக்காகச் சொல்லாதே, தொய்பிக்காகவும் சொல்லாதே. அவன் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டும்போது, அந்தக் கையில் என்ன வாசனை இருக்கிறதோ என்று நீ பயப்படாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சொல்.

சனிக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகிறேன். சீலாக் கருவாடு, சதை பிடிப்பாகப் பார்த்து வாங்கி, ஒரே ஒரு பையில் கொண்டுவருவேன். ஞாயிறு காலை வெந்நீரில் ஊறவைத்து, அரிசி களைந்த தண்ணீரில் அலசி, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கிப் பத்தரைக்கெல்லாம் புளியை ஊற்றிவிடுவேன். தொய்பி டப்பாவோடு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாற்காலி ரோஹித்தின் அம்மாவுக்குப் போட்டு வைப்பேன், வந்தாலும் வராவிட்டாலும். இன்னொரு நாற்காலி ரோஹித்துக்கு, நீ அவனிடம் சொல்லிக் கூட்டிவந்தால். உனக்கு நாற்காலி கிடையாது, வேலை இருக்கிறது. நாலாவது ஜன்னலை நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டியாகிவிட்டது, ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் போதும். சின்ன வயசில் உன்னை மூடச் சொன்னவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து, நீயே அதைத் திற.

அப்பா